உம்மாவின் பாட்டுக் கித்தாபும் கவிழ்க்கக் கூடாத சங்கதியும்

இராயபுரம்,
14-9-2003

அன்புத் தம்பி மொஹ்சினுக்கு, அக்கா ஷரீஃபுன்னிசா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். துபாய் வெயிலிலும் உன்னையும், உன் மனைவியையும், புதிதாக வந்திருக்கும் மகளையும் அல்லாஹ் குளிர வைத்திருக்க வேண்டும் என்று ஐந்து வேளையும் கேட்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் மச்சானின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அதைப் பற்றி அவரே நாலு பக்கம் எழுதுவார், நான் குறுக்கே வரவில்லை.

உம்மா கைப்பட எழுதிய பாட்டுக் கித்தாபு உனக்கு வேண்டும், மகளுக்கு அதைப் பார்த்துத்தான் தாலாட்டுப் பாட வேண்டும் என்று போனில் சொன்னாய். உம்மா கண்மூடி மௌத்தாகி ஆறு வருஷமாக நானும் தங்கை உஸ்மாவும் ஆறு மாதம் இராயபுரம், ஆறு மாதம் பெரம்பூர் என்று அதை மாற்றி மாற்றி வைத்திருக்கிறோம். சாமான் பிரித்த அன்று நீ மிக்ஸியைத்தான் கேட்டாய், கித்தாபைக் கேட்கவில்லை. போகட்டும், அப்போது உனக்குச் சட்னி ஆசை. உன்னோடு வேலை செய்யும் மதார் சாகிப் லீவு முடிந்து அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி கிளம்பும்போது அவர் கையில் கொடுத்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், மாற மாட்டேன். அதற்குள் இருநூற்றுப் பன்னிரண்டு பக்கமும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் எனக்கும் உஸ்மாவுக்கும் அது போதும். எழுத்துதானே முக்கியம், காகிதமா முக்கியம்? ஸ்கேனருக்குப் பணம் அனுப்புகிறேன், எது நல்லது என்று பார்த்துச் சொல் என்றாய். பார்த்துவிட்டேன். உட்கார்ந்து படி.

முதலில் கல்மண்டபத்தில் பாஸ்கர் நடத்தும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருப்பது படுத்திருக்கும் ஸ்கேனர், மேலே கண்ணாடி, அதற்கு ஒரு மூடி. நான் கைகால் முகம் கழுவி உளூ செய்து, கித்தாபைப் பட்டுத் துணியில் சுற்றி எடுத்துப் போனால், அந்த மனுஷன் ஒற்றைக் கையால் வாங்கி, பிரித்து, முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் முழங்கையை ஊன்றினார் பார், எனக்கு உயிரே போய்விட்டது. பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கிய புத்தகத்தை நாம் கவிழ்த்து வைப்போமா? ஓதும்போது அடுப்பில் பால் பொங்கினால்கூட மூடி வைத்துவிட்டுத்தானே ஓடுவோம்? நான் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடையிலிருந்து இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

"இன்னாக்கா, ஷாக் கீக் அட்ச்சிடுச்சா?" என்றார் பாஸ்கர்.

"புத்தகத்தைக் கவுக்காதீங்க தம்பி!"

"கவுக்காம எப்டிக்கா? மிசின் கண்ணு மேல பாத்துகினு கீது. புக்கு கீழ பாத்தாத்தான ரெண்டும் மூஞ்சி பாத்துக்கும்? ஆமா, இது இன்னா, குரானா?"

"இல்ல. எழுத்துதான் அரபு, பாஷை நம்ம தமிழ்தான். எங்க உம்மா எழுதுன பாட்டும், அல்லாட்ட கேக்குற துஆவும்."

"அப்ப வுடுக்கா. ரெண்டு நிமிசம் கவுந்துகினு இருந்தா இன்னா ஆயிடப்போவுது?"

அதற்குள் திரையில் ஒரு பக்கம் வந்துவிட்டது. நம் கித்தாபு வலப்பக்கமிருந்து திறக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? முதல் பக்கம் என்று கடைசிப் பக்கத்தைப் போட்டிருக்கிறார். உம்மா கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருப்பது மூலத்துக்கு வைக்கும் கஷாயம். அது அரபு எழுத்தில் இத்தனை பெரிதாக நிற்க, டீக்கடைக்காரர் இரண்டு பேரும் பயபக்தியாகக் கும்பிட்டுவிட்டார்கள். நல்ல மனசோடு கும்பிட்டவர்களிடம் போய் மூலம் என்றா சொல்வது?

அடுத்து உன் மச்சானைக் கூட்டிக்கொண்டு ரிச்சி தெரு. அங்கே கருணாகரன் என்று ஒரு விற்பனையாளர், தங்கமான பேச்சு. காகிதத்தைத் தானே இழுத்து விழுங்கும் மெஷினைக் காட்டினார். "முதுகை மட்டும் வெட்டிக் குடுத்துட்டீங்கன்னா நிமிஷத்துக்கு இருபது பக்கம் போயிடும்மா" என்றார். எதன் முதுகை என்று கேட்டேன். "புக்கோட முதுகும்மா. பைண்டிங்." கோழிக்கடையில் தோலோடவா, தோல் இல்லாமலா என்று கேட்பார்களே, அதே குரல். உன் மச்சான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவிட்டார். இல்லாவிட்டால் அன்று வேறொரு முதுகுக்கு ஆபத்து. போகிற வாக்கில் கையால் உருட்டுகிற ஸ்கேனர் ஒன்றையும் பார்த்தோம், சப்பாத்திக் கட்டைக்குச் சொந்தம். கித்தாபில் உருட்ட மனம் வராமல் என் வீட்டுக் கணக்கு நோட்டில் உருட்டிப் பார்த்தேன். துவரம்பருப்பு ஒரு கிலோ என்பது காசிமேட்டு அலையில் மிதப்பது போல வந்தது.

கடைசியில் எதிர்வீட்டுச் சிலுவைமுத்து, கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவர், தன் டிஜிட்டல் கேமராவை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு வந்தார். கித்தாபு, ஓதும்போது விரித்து வைக்கும் ரெகால் பலகையில் மல்லாந்து மரியாதையாக இருக்கிறது, கேமரா மேலிருந்து குனிந்து பார்க்கிறது. இதுதான் அதபு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. படத்தைப் பார்த்தால் படமும் கலங்கியிருக்கிறது.

"வூடே ஆடுதுக்கா, நா இன்னா பண்றது?" என்றார்.

உனக்குத்தான் தெரியுமே, துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரி ஒவ்வொன்றுக்கும் நம் மாடி ஒரு குலுக்குக் குலுக்கும். இரண்டு நாள் ஜன்னலில் உட்கார்ந்து லாரி போகும் நேரத்தைக் கணக்கு நோட்டில் குறித்தேன். பிடிபட்டுவிட்டது. துறைமுகக் கேட்டில் வரிசை அடைத்து லாரிகள் அப்படியே நின்றுவிட்டால் வீடு அசையாது! ரோட்டில் அத்தனை பேரும் ஜாமைத் திட்டிக்கொண்டிருக்க, நான் ஒருத்தி மட்டும் யா அல்லாஹ், ஜாமைக் கொடு என்று கையேந்தினேன். கபூலாக்கினான். பதினோரு பக்கம் கண்ணாடி மாதிரி விழுந்தது. அந்த ஜாமில் உன் மச்சான் பஸ்ஸில் இரண்டு மணி நேரம், அந்த முழங்காலோடு, நின்றுகொண்டே வந்தார். இதை அவரிடம் சொல்லிவிடாதே.

ஆகவே முடிவு இதுதான்: ஸ்கேனரே வேண்டாம். கேமராவும் ஸ்டாண்டும் வாங்கப் பணம் அனுப்பு. வேலை முடிந்ததும் கித்தாபு உனக்கு. உன் கம்பெனியும் சம்பளமும் நிலைக்கட்டும், மகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும், உன் மனைவிக்கு என் சலாம்.

இப்படிக்கு, உன் நலம் தவிர வேறொன்றும் வேண்டாத அக்கா,
ஷரீஃபுன்னிசா

பின்குறிப்பு (10-10-2003): கவரை ஒட்டுவதற்குள் உன் மச்சான் மலிவு என்று யாரிடமோ ஒரு ஸ்கேனர் வாங்கி வந்து நின்றார். அதே படுத்திருக்கும் ஜாதி! திருப்பி எடுக்க மாட்டார்களாம். மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் உஸ்மா வந்து அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள், ஒரு தட்டு கனம்தான். "ஏக்கா, புத்தகத்தைத்தான கவுக்கக் கூடாது? மெஷினக் கவுத்தா யார் கேக்கப் போறா?" என்றாள். மூடியைக் கழற்றி, மல்லாந்த கித்தாபுக்கு மேல் மெஷினைக் கவிழ்த்தோம். கித்தாபு மேல் எதையும் வைக்கக் கூடாதே என்று நீ கேட்பாய். வைக்கவில்லை, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டிருந்தேன், கனமெல்லாம் என் தோளில்தான். லாரி போனால் கித்தாபும் மெஷினும் நானும் ஒன்றாக ஆடினோம், எழுத்து அசையவில்லை. பத்து நாளில் அத்தனை பக்கமும் ஏறிவிட்டது. என்ன தெளிவு தெரியுமா! உம்மா பேனாவை உதறிய மைப்புள்ளிகூட எண்ணலாம். பார்த்து முடித்ததும் உஸ்மா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "இத்தன நல்லா வந்திருக்கே, அவனுக்கு இதே போதுமில்லக்கா?" என்றாள். ஆறு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. கித்தாபு என் பீரோவில், பீரோ சாவி அவள் கையில். பணம் அனுப்பாதே. தாலாட்டுப் பக்கங்களை மட்டும் பெரிதாகக் காகிதத்தில் எடுத்து இந்தக் கடிதத்தோடு மதார் சாகிபிடம் கொடுத்திருக்கிறேன். பாவம், கித்தாபுக்கென்று அவர் பெட்டியில் இடம் விட்டிருந்தார், அது வீணாகக் கூடாதே என்று இரண்டு கிலோ நெத்திலிக் கருவாடு வைத்தேன். எல்லாப் பக்கமும் ஏற்றிய சிடி அந்தக் கருவாட்டுக்கு நடுவில் இருக்கிறது. நன்றாகத் துடைத்துவிட்டுப் போடு.