அரக்கு வைத்த கார்புரேட்டர்

எதையும் இன்னும் ஒரு சுற்று முறுக்கினால்தான் எனக்கு நிம்மதி. பிள்ளைகளைப் பற்றிய கவலை வந்துவிட்டால் இரண்டு சுற்று.

மூத்தவள் செல்விக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, பெரம்பலூரில். எறையூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து எட்டு மணிக்கு பஸ் உண்டு. அது ஒருநாள் வராமல் போனால்? என் மொபெட்டிலேயே கூட்டிப்போவது என்று முடிவு செய்தேன்.

கணக்குப் பரீட்சைக்கு முதல் நாள் மாலை, வண்டியில் எதுவும் தளர்ந்திருக்கக் கூடாதே என்று ஸ்குரூ டிரைவரோடு உட்கார்ந்தேன். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் நிற்கும் சிறு கிண்ணத்தை இரண்டு ஸ்குரூக்கள் பிடித்திருந்தன. இறுக்கமாகத்தான் இருந்தன. ஒன்றுக்கு மட்டும் இன்னும் ஒரு சுற்று கொடுத்தேன். அதன்பின் அது தன் பாட்டுக்குச் சுற்றியது. உள்ளே மரை போய்விட்டது. (அலுமினியம் வெண்ணெய்க்கு அண்ணன் என்பது அன்றுதான் தெரிந்தது.) பெட்ரோல் சொட்டியது.

நான் ஊர் போஸ்ட்மாஸ்டர். வீட்டின் முன்னறைதான் தபால் நிலையம். இன்சூர் பார்சலுக்கு வைக்கும் அரக்கு தில்லி வரை போனாலும் விடாது என்பது என் நம்பிக்கை. கார்புரேட்டரைக் கழற்றி, துடைத்து, காயவைத்து, அரக்கை உருக்கித் துளையில் விட்டு ஸ்குரூவைச் செருகினேன். கை பழக்கதோஷத்தில் தபால் முத்திரையை எடுத்து மேலே ஒரு குத்தும் குத்திவிட்டது.

"எந்த ஊருக்குங்க அனுப்பறீங்க?" என்றாள் மனைவி.

"பேசாம இரு. இப்ப சொட்டுதா பாரு."

சொட்டவில்லை.

"நான் பஸ்ஸுலயே போயிடறேன்பா," என்றாள் செல்வி.

"பஸ்ஸ நம்ப முடியாதும்மா."

மறுநாள் பாதி வழியில், எட்டு மணி பஸ் சரியான நேரத்துக்கு எங்களைத் தாண்டிப் போனது. சற்று தூரத்தில் வண்டி நின்றது. இஞ்சின் சூட்டில் அரக்கு இளகி, ஸ்குரூ எங்கோ விழுந்து, கிண்ணம் ஒருபக்கமாகத் தொங்கியது. பெட்ரோல் முழுக்க ரோட்டில். (தபால் பைகள் சூடாவதில்லை.) கைக்குட்டையால் கட்டினேன், அவிழ்த்தேன், மறுபடி கட்டினேன். செல்வி "மணி என்னப்பா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள். இரண்டாம் முறை ஒன்பதே கால். பரீட்சை பத்துக்கு.

ஆலையில் கரும்பு இறக்கிவிட்டு ஒரு டிராக்டர் வந்தது. டிரெய்லரில் கரும்பு வெட்டும் பெண்கள் நாலைந்து பேர். கையெடுத்துக் கும்பிட்டு நிறுத்தினேன்.

"ஏத்தி வுடுங்க சார். பள்ளிக்கூட வாசல்லயே எறக்கிடறேன்," என்றார் டிரைவர்.

"கொஞ்சம் வேகமா போங்க. ரொம்ப வேகம் வேணாம்."

"எதுன்னு ஒண்ணு சொல்லுங்க சார்."

செல்வி ஏறினாள். நானும் ஏறக் காலை வைத்தேன்.

"நீங்க வேணாம்பா," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் என்னை விடவில்லை.

வண்டியைத் தள்ளிக்கொண்டே பெரம்பலூர் போனேன். மெக்கானிக் பாதி முத்திரையை உற்றுப் பார்த்தார். "பிரிக்கலாமா சார், இல்ல கையெழுத்து போடணுமா?" துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, புது மரை வெட்டி, ஒரு சைஸ் பெரிய ஸ்குரூவைப் போட்டார். அரை மணி நேர வேலை. அந்த அரை மணியும் என் காதில் எதுவும் விழவில்லை.

ஒரு மணிக்குப் பள்ளி வாசலில் வந்தாள், தலையெல்லாம் காய்ந்த கரும்புச் சோகைத் தூள்.

"உள்ள வுட்டாங்களாம்மா?"

"கடைசி ஆளா."

இப்போது திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். பரீட்சை எல்லாம் முடிந்த பிறகுதான் அவளிடமிருந்து எனக்கு ஒரு தபால் கார்டு வரும். தேதி அவள் அம்மாவுக்கு மட்டும் தெரியும். ஒருநாள் காலை மனைவி என் முகத்தைப் பார்க்காமல் இட்லி வைத்தால், இன்றைக்கு அவளுக்குப் பரீட்சை என்று நானாகவே தெரிந்துகொள்கிறேன்.