ஒரு சொட்டுகூட ஒழுகாத ஃபில்டர்

"இனிமே என் வண்டியில என் கையைத் தவிர வேற கை படக்கூடாது!"

காலைக் காபியோடு சபதம் எடுத்தார் வீட்டுக்காரர். எல்லாம் மச்சினனால் வந்தது. சாயங்காலம் அவன் வருகிறான். போன தடவை வந்தபோது, "மாமாவுக்குக் கடிகாரத்துல பேட்டரி போடவே ஆள் வேணும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சிரித்தவன். அது இன்னும் இவர் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

"ஆயில் ஃபில்டர்தானே? மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டா…" என்றாள் மனைவி.

"அப்புறம் அது அவன் மாத்தினது ஆயிடுமே!"

"சரிங்க. அப்படியே அந்தச் சமையல்கட்டுக் குழாயும் ஒழுகுது…"

"குழாய்க்கெல்லாம் ஆள் இருக்கான். நான் இன்ஜின் ஆளு!"

கடைக்காரர் மேஜையில் மூன்று ஃபில்டர்கள் இருந்தன. இவர் ஒவ்வொன்றையும் தூக்கி எடை பார்த்தார். காதருகே வைத்துத் தட்டினார்.

"சார், அது தர்பூசணி இல்ல. உங்க வண்டிக்கு இந்தச் சின்னதுதான். மத்த ரெண்டும் லாரிக்காரர் கேட்டது."

"தெரியும். சும்மா ஒப்பிட்டுப் பார்த்தேன்."

வீட்டுக்கு வந்து வண்டிக்கடியில் படுத்தார். பழைய ஆயில் பாதி தட்டில் விழுந்தது, பாதி சட்டையில். பழைய ஃபில்டர் கழன்று வர மறுத்தது.

"வாடா வெளியே! வரியா இல்லையா?"

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "அடியில யாரோட சண்டை?"

ஒருவழியாய்க் கழன்றது. புதியதன் ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி முறுக்கி, புது ஆயிலை ஊற்றி எழுந்தபோது, முகத்தில் பல் மட்டும்தான் வெள்ளையாக இருந்தது. பழைய ஃபில்டரை வெற்றிக் கோப்பை மாதிரி மனைவியிடம் நீட்டினார். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல ரப்பரைக் காணோமே?"

"பழசும்மா. தேஞ்சு போயிருக்கும்."

குளித்தார். சாப்பிட்டார். கோட்டையைப் பிடித்த ராஜா மாதிரி தூங்கினார்.

எழுந்து பார்த்தால் மனைவியின் விரலெல்லாம் கறுப்பு.

"கடாய் தேய்ச்சியா?"

"ஆமாங்க. பெரிய கடாய்."

மாமாவே ஃபில்டர் மாத்தினார் என்று கேட்ட மச்சினன், வந்ததும் வராததுமாய் வண்டிக்கடியில் வெள்ளைக் காகிதத்தை விரித்து, இன்ஜினை ஓடவிட்டான். ரொம்ப நேரம் ஓடியது. காகிதம் வெள்ளையாகவே இருந்தது.

"மாமா! ஒரு சொட்டுகூட இல்ல! நான் மாத்தினப்போ பழைய ரப்பர் இன்ஜின்லயே ஒட்டிக்கிச்சு. தெரியாம அதுமேலயே புதுசை மாட்டி, வாசல் பூரா ஆயில்!"

"அதெல்லாம் பார்த்துச் செய்யணும்டா," என்றார். நெஞ்சு விரிந்த விரிப்பில் சட்டைப் பொத்தான் திணறியது.

மனைவி டீ கொண்டு வந்தாள். அவர் டம்ளரின் இடுப்பில் ஒரு கறுப்பு ரப்பர் வளையம். பழையது. ஆயில் வாடை வேறு.

"குக்கர் மூடிக்கு ரெண்டு ரப்பர் போட்டா நிக்குமாங்க?" என்று காதோடு கேட்டாள். பிறகு உரக்க, "தம்பி, உங்க மாமா கை பட்டா எதுவும் ஒழுகாது. சமையல்கட்டுக் குழாயையும் இப்பவே பார்க்கிறேன்னார். இல்லீங்களா?"

வளையத்தை உருவித் தம்பிக்குத் தெரியாமல் விரலில் சுழற்றினாள்.

அவர் டீயை விழுங்கினார். "ஆமா. சொன்னேன்."

மச்சினன் பயபக்தியோடு டார்ச் பிடிக்க, இன்ஜின் ஆள் குழாய்க்கடியில் தலையை நுழைத்தார். உள்ளேயிருந்து சன்னமாய்க் குரல் வந்தது:

"ஏம்மா… இதுக்கு எத்தனை ரப்பர்?"

"பழசை எடுத்துட்டு, ஒண்ணுதாங்க."