இடப் பக்கக் குழாயை நாளைக்கு எடுக்க வேண்டாம்

வரதராஜன்பேட்டை,
வெள்ளிக்கிழமை மாலை.

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா ஹேமலதா அவர்களுக்கு,

தங்களிடம் தொங்கிய வயிற்றை அறுத்துத் தைத்துக்கொண்ட ஜெனிதா டீச்சரின் தாய் மரிய புஷ்பம் பணிவோடு எழுதுவது. இங்கு நான் சுகம், பேத்தி சுகம், மாடு சுகம். சுகமில்லாதவளைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நாளை திருச்சிக்கு வரும்போது உங்கள் முன்னால் நான் வாயைத் திறந்தால் "நீ சும்மா இரும்மா" என்று அடக்கிவிடுவாள். அதனால் இதை அவளுக்குத் தெரியாமல் உங்கள் நர்ஸ் கவிதா சிஸ்டர் கையில் கொடுக்கப்போகிறேன். நான் ஐந்தாம் வகுப்புதான். ஆனால் அளவு விஷயத்தில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. முப்பது வருஷம் சங்கத்தில் பால் ஊற்றினேன். மரிய புஷ்பம் பாலில் தண்ணீர் என்று ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை.

தையலுக்குள் ஊறும் நீர் வடிய நீங்கள் வைத்த இரண்டு குழாயில் வலப் பக்கக் குழாயைப் போன வாரமே எடுத்துவிட்டீர்கள். இடப் பக்கம் பாக்கி. ஒரு நாளைக்கு முப்பது மில்லிக்குக் கீழே, அதுவும் இரண்டு நாள் தொடர்ந்து வந்தால்தான் எடுப்போம் என்று கவிதா சிஸ்டர் சொன்னதை நான் ஜெபம் போல மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். குழாயை மேலிருந்து கீழாக உருவிவிடச் சொன்னார். மாடு கறக்கிறவளுக்கு அதைச் சொல்லித்தரணுமா? காலையும் மாலையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, குழாயை உருவி, அடியில் தொங்கும் ரப்பர் பந்தைத் திறந்து, சிவந்த நீரைச் சிவப்பு நூல் கட்டிய டம்ளரில் சாய்த்து (நூல் எதற்கென்றால், முந்தாநாள் பக்கத்து வீட்டுச் சிந்தாமணி அந்த டம்ளரில் காபி ஆற்றப் போனாள்), பந்தைப் பிதுக்கி மூடி, டம்ளரைப் பாத்ரூமுக்குக் கொண்டுபோய் நீங்கள் கொடுத்த அளவுக் கப்பில் ஊற்றி, ஒட்டியிருப்பதையும் அலசி ஊற்றி, ஒரு சொட்டு வீணாக்காமல் நோட்டில் எழுதுகிறேன். வியாழன் ஐம்பத்தெட்டு. இன்று ஐம்பத்தைந்து. இவளோ படுத்த இடத்திலேயே பந்தில் உள்ள கோட்டைப் பார்த்து உங்களுக்குப் போனில் அனுப்பியது இருபத்தேழு, இருபத்து நாலு! பாதியை முழுங்கிட்டா டாக்டர் அம்மா.

ஏன் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பேத்திக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முதலாக நற்கருணை வாங்குகிறாள். பட்டுப்புடவையில், பையும் குழாயும் இல்லாமல், போட்டோவில் நிற்க வேண்டுமாம்.

பொய்க்கு அஞ்சுகிற நிலைமையில் இந்த வூடு இல்லை. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஒரு அம்மா "எத்தனை மாசம்மா?" என்று எழுந்து இடம் கொடுத்த அன்றே இந்த ஆபரேஷனுக்கு முடிவு கட்டினாள். பிள்ளை பிறந்து ஒன்பது வருஷம் ஆகிறது! ஊரில் சொல்ல வெட்கப்பட்டு, குடலிறக்கம் என்று நான்தான் சொல்லி வைத்தேன். சிந்தாமணி வந்து, அந்த ரப்பர் பந்தைப் போட்டுத் தொங்கவிட வேளாங்கண்ணி மஞ்சத்துணியில் நான் தைத்த பையை முறைத்துப் பார்த்தாள். "குடலிறக்கத்துக்கு எதுக்குடி பையி?" "காத்து போவ." "காத்துக்குப் பையா? புஷ்பம், எங்கிட்ட மறைக்காத, டாக்டர் கைய விரிச்சுட்டாங்களா?" தையல் இழுக்குமென்று இவள் வேறு கூனிக் கூனி நடக்கிறாளா, மறுநாள் பங்குச் சாமியார், சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசும் நோயில்பூசுதல் எண்ணெயோடு வாசலில் நிற்கிறார். ஜெனிதா கட்டிலில் சாய்ந்து பரீட்சை பேப்பர் திருத்திக்கொண்டு, "தோத்திரம் சாமி, உக்காருங்க" என்கிறாள். அவர் எண்ணெயைப் பைக்குள் வைத்துவிட்டுக் காபி கேட்டார். நானே போட்டேன், நூல் இல்லாத டம்ளரில்.

சிரிப்பு இருக்கட்டும். குழாயை அவசரப்பட்டு எடுத்தால் உள்ளே நீர் கட்டிக்கொள்ளும், ஊசி வைத்து உறிஞ்ச வேண்டிவரும் என்று நீங்களே சொன்னீர்கள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கல. ஒரே மகள். நான் காட்டிக்கொடுக்கிறேன் என்று அவள் பேசாமல் போனாலும் போகட்டும், நாளைக்கு எடுக்காதீங்க தாயி.

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா தங்கள் கைக்கும் கத்திக்கும் துணை நிற்பாளாக.

இப்படிக்கு,
மரிய புஷ்பம்

பின்குறிப்பு: சனி காலை. மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்க வேண்டாம். இன்று அளக்கும்போது ஜெனிதா பின்னாலேயே வந்து நின்றுவிட்டாள்.

"என்னம்மா பண்ற?"

"அலசி ஊத்துறேன்."

"தண்ணிய ஊத்தியா அளக்குற?"

"மிக்ஸி ஜார அலசிக் கொழம்புல ஊத்துறதில்லையா?"

"இது கொழம்பாம்மா?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, தையல் வலிக்கிறது என்று அழுது, மறுபடி சிரித்தாள். அலசாமல் அளந்தால் காலைக் கணக்கு பத்துதான், அவள் அனுப்பியதுதான் சரி. குழாயை எடுத்துவிடுங்கள். நான் சந்தேகப்பட்டதை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம். முப்பது வருஷம் பாலில் கலக்காத தண்ணீரை, என் மகள் வயித்து நீரில் போய்க் கலந்துட்டேன்.