பெரியப்பாவின் பல் செட்டை வேக வைத்த கதை

நீட் எழுதி மார்க் வராத பெண் ஊருக்குப் பொதுச் சொத்து. யார் வேண்டுமானாலும் வந்து புத்தி சொல்லலாம். பால் ஊற்ற வருகிறவர் சொல்வார். ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிற அம்மா திரும்பி நின்று சொல்வார். "நர்ஸுக்குப் படியேன்மா." "பேசாம ஒரு கல்யாணத்தப் பண்ணிக்கினு போயேன்." உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்தில் நானும் ஒரு வருடம் அப்படிப் பொதுச் சொத்தாக இருந்தேன்.

மார்க் குறைந்ததுகூடப் பரவாயில்லை. பல் டாக்டர் ஆகியே தீருவேன் என்று அலைந்த நான், பல்லைப் பற்றி வந்த ஒரே கேள்விக்குத் தப்பான விடையைக் குறித்திருந்தேன். மனித வாயில் எந்த வகைப் பல் எத்தனை என்பதுதான் கேள்வி. (நாக்கால் தடவியே எண்ணியிருக்கலாம். அது ஹாலைவிட்டு வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. என் மூளை எப்போதும் அடுத்த பஸ்ஸில்தான் வரும்.)

நைனா, அதாவது என் அப்பா, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதோ கம்பெனியில் என்னைச் சேர்த்துவிட முடிவே செய்துவிட்டார். குறுக்கே வந்து தடுத்தவர் அவருடைய அண்ணன், என் பெரியப்பா.

"இன்னும் ஒரு வர்சம் படிக்கட்டும்டா. அப்பவும் வரலன்னா நீ இன்னா சொல்றியோ அத்தப் பண்ணு" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பெரியப்பா வாயைத் திறந்தால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. என் படிப்பு அந்த ஒரு வாயை நம்பித்தான் இருந்தது. அந்த வாயில் இருந்த பல் மேலும் கீழும் முழுக்க செட்டுப் பல்.

காஞ்சிபுரத்தில் கோச்சிங் சேர்ந்தேன். அங்கே பயாலஜி சார், "மனப்பாடம் பண்ணாத. கண்ணால பாரு, கையால தொடு. அப்பத்தான் மண்டையில நிக்கும்" என்று தினமும் சொல்வார். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நான் எங்கே போவேன்? பல்லாவது வீட்டிலேயே இருந்தது.

பெரியப்பா மகள் ரேவதி அக்காவுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை திருமுக்கூடல். காலையில் பெரியப்பா முகம் கழுவும்போது பல் செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டுவிட்டுப் பந்தல்காரரைப் பார்க்கப் போயிருந்தார். மறுநாள் எனக்குக் கோச்சிங்கில் டெஸ்ட். இதைவிட்டால் வேறு நேரம் கிடைக்காது என்று செட்டை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனேன்.

எண்ணினேன். மறுபடி எண்ணினேன். நாலு பல் குறைந்தது.

(கடைவாயின் கோடியில் வருகிற ஞானப்பல்லை செட்டில் வைக்க மாட்டார்கள் என்று இன்று எனக்குத் தெரியும். அன்று எனக்கு அந்த ஞானமும் இல்லை.) ஐயோ, நான் எடுத்து வரும்போதுதான் நாலும் கழன்று விழுந்துவிட்டன என்று பயந்துபோனேன். குனிந்து தரையெல்லாம் தேடினேன். தேடுகிற பரபரப்பில் கையில் இருந்த மிச்சப் பல்லும் நழுவி, மாடு கட்டுகிற இடத்தில் சாணியில் விழுந்தது.

கழுவினேன். சோப்புப் போட்டும் கழுவினேன். மனசு ஆறவில்லை. மருத்துவம் படிக்கப் போகிறவள் கிருமியோடு பல்லை வைக்கலாமா? கொதிக்க வைத்தால்தான் கிருமி சாகும் என்று பாடப் புத்தகமே சொல்கிறது. சமையல்காரர் தோட்டத்து அடுப்பில் ஒரு தவலை தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க விட்டிருந்தார். அவர் தேங்காய் உடைக்கப் போன நேரத்தில் செட்டைக் கரண்டியில் வைத்து உள்ளே இறக்கினேன். ஒரு கிருமிகூடத் தப்பிக்கக் கூடாது என்று நன்றாகவே விட்டேன்.

வெளியே எடுத்தால், எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வளைந்து கிடக்கிறது!

என்ன செய்வது? கையால் அழுத்திப் பார்த்தேன். அசையவில்லை. பழைய டம்ளரிலேயே போட்டு வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி போய்ப் பூ கட்ட உட்கார்ந்துவிட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். பெரியப்பா செட்டை மாட்டப் போனார். அறைக்குள்ளிருந்து பெரியம்மா குரல் கேட்டது. "இன்னாய்யா இது, வாய்க்குள்ளயே போவ மாட்டேங்குது?" கொஞ்ச நேரத்தில் பெரியப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தார்.

எங்கள் பக்கத்தில் தட்டு மாற்றும்போது பெண்ணைக் கொடுக்கிறவர் "பொண்ணு உனக்கு, பணம் எனக்கு" என்றும், எடுக்கிறவர் "பொண்ணு எனக்கு, பணம் உனக்கு" என்றும் மூன்று தடவை சொல்ல வேண்டும். சபைக்குக் கேட்கிற மாதிரி கணீரென்று சொல்ல வேண்டும். முனகினால், மனசில்லாமல் கொடுக்கிறார்கள் என்று ஊர் பேசும்.

தட்டு வந்தது. பெரியப்பா வாயைத் திறக்கவில்லை.

"சொல்லுங்க சம்பந்தி" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

பெரியப்பா தலையை மட்டும் ஆட்டினார்.

"இன்னா, தலைய ஆட்டறாரு? வாயால சொல்லச் சொல்லுங்க" என்று அந்தப் பக்கத்தில் ஒருவர் ஆரம்பித்தார். மாப்பிள்ளையின் அம்மா முகம் மாறிவிட்டது. "குடுக்க இஷ்டமில்லன்னா நேரா சொல்லிடலாமே. இத்தினி பேர வரவெச்சி எதுக்கு இந்த பேஜாரு?" என்றார். ரேவதி அக்கா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் நான் எழுந்துவிட்டேன்.

"பெரிப்பா மேல தப்பில்ல! அவரு பல்ல நான்தான் வேக வெச்சிட்டேன்!"

கத்தியே சொல்லிவிட்டேன். மைக் பக்கத்தில் இருந்ததைக் கவனிக்கவில்லை. தெருவுக்கே கேட்டது.

பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டார். நைனா பூமிக்குள் போக இடம் தேடினார். பெரியப்பா மெல்லத் துண்டை எடுத்தார். குழி விழுந்த கன்னத்தோடு அவரை அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மாப்பிள்ளையின் அப்பா பெரியப்பாவையே பார்த்தார். பிறகு தன் வாயில் கையை விட்டார். மேல் செட்டு, கீழ் செட்டு, இரண்டையும் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"காலைலேர்ந்து எனுக்கும் ஈறு வலி உசுரு போவுது, யார்கிட்ட சொல்ல? வாங்க சம்பந்தி, ரெண்டு பேரும் இப்பிடியே சொல்லிடலாம்" என்றார். பாதி காற்றாகத்தான் வந்தது, ஆனாலும் எல்லோருக்கும் புரிந்தது.

இரண்டு பொக்கை வாயும் மாறி மாறி மூன்று தடவை சொல்லின. பந்தலே சிரித்தது. அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பந்தி முடிந்ததும் நைனா கொதித்தார். "பல்ல அவிச்சவ பல் டாக்டராவப் போறாளாம்! போதும். நாளைக்கே கம்பெனில சேத்துடறேன்."

பெரியப்பா ரசம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "பல்லு செட்ட வெந்நீல போடக் கூடாதுன்னு இந்த ஊர்ல வேற எந்தப் புள்ளைக்குடா தெரியும்? அவ படிச்சிக்கினுதான கீறா. படிக்கட்டும்."

அப்புறம் என்னைக் கூப்பிட்டு அந்தக் கோணல் செட்டைக் கையில் கொடுத்தார். "இனிமே இது உன்னுது. நல்லா எண்ணிக்கினே இரு." புதுச் செட்டு வருகிறவரை அவர் கஞ்சியும் ரசமுமாகக் காலம் தள்ளினார். எதிரில் உட்கார்ந்து என்னால் ஒரு முறுக்குகூடக் கடிக்க முடியவில்லை. அந்த வெட்கத்திலேயே வெறி பிடித்த மாதிரி படித்தேன். பல் மருத்துவக் கல்லூரியில் சீட்டு கிடைத்தது என்று சொன்னபோது பெரியப்பா என்னைவிட அதிகமாக அழுதார்.

இன்று எங்கள் குடும்பத்தில் செட்டுப் பல் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் நான்தான் டாக்டர். ஆட்டமில்லாமல், கச்சிதமாகத்தான் செய்து கொடுக்கிறேன். இருந்தாலும் என்ன பிரயோஜனம்? யார் வீட்டு நிச்சயமானாலும் தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெரியவர்கள் செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள். புதிதாக வருகிற சம்பந்திகள் மிரண்டு போய்க் கேட்டால், "எங்க வூட்டு வயக்கம்" என்று பதில் வருகிறது.

போன மாதம் என் நிச்சயதார்த்தத்திலும் பெரியப்பா அப்படியே கழற்றினார். என் மாமனாருக்குப் பல்லெல்லாம் சொந்தப் பல். எதைக் கழற்றுவது என்று தெரியாமல் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, பாவம், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.