குருத்து ஈயும் செவ்வாய்க்கிழமை டீயும்

பொறியைத் திறந்து பார்த்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். உள்ளே ஒரு ஈ கூட இல்லை.

இளஞ்சோளத்தின் நடுக்குருத்தைக் காய வைத்துவிடும் குருத்து ஈ என்னும் பொடிப் பூச்சியைக் கண்காணிப்பதுதான் அவர் வேலை. பொறியில் கருவாட்டுத் தூள் வைப்பார். விழுகிற ஈக்களை ஸ்பிரிட் புட்டியில் போட்டு வைப்பார். செவ்வாய்க்கிழமைதோறும் ஆபீஸ் டிரைவர் வந்து அதை லேபுக்கு எடுத்துப் போவார். ஊரில் அவருக்கு ஈக்காரர் என்றே பெயர்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு, சோளக்கொல்லை நடுவே இருந்த அந்த ஒற்றை வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை. செவ்வாய்க்கிழமை டிரைவரோடு டீ குடிக்கும்போதுதான் அவர் வாய் திறந்து பேசுவார். மற்ற நாட்களில் ரேடியோவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தே வெகுகாலம் ஆகிறது. குறை இருந்தால்தானே எழுதுவார்கள் என்று அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட.

ஈ விழவில்லை என்று ஆற்றங்கரைப் பொறி நிலையத்தை மூடிவிட்டதாக டிரைவர் என்றோ சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. இதையும் மூடிவிட்டால் டிரைவர் எதற்காக வருவார்?

கடைக்கு ஓடினார்.

"இவ்வளவு கருவாட்டுத் தூளா? எத்தனை பூனை வளக்குறீங்க?" என்றார் கடைக்காரர்.

"பூனை இல்லைங்க. ஈ."

கடைக்காரர் பொட்டலம் கட்டினார்.

ஈக்காரர் திரும்பி வந்து பொறியில் தூளை அள்ளிக் கொட்டினார். சாயங்காலத்துக்குள் எங்கெங்கோ இருந்த பூனையெல்லாம் வந்து பொறியைக் கவிழ்த்து, துடைத்துவிட்டதுபோல் நக்கிவிட்டுப் போயின. அவரைத் தேடி இத்தனை பேர் வந்தது அதுவே முதல் தடவை. விரட்டக்கூட மனசு வரவில்லை. மிச்சத் தூளையாவது காப்பாற்றுவோம் என்று சமையலறை அலமாரியில் ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தார்.

செவ்வாய்க்கிழமை காலையிலும் பொறி காலி. வேறு வழியில்லாமல் செய்தித்தாளை மடித்துக்கொண்டு வீடு முழுக்க ஈ அடித்தார். அதில் ஒல்லியானவையாகப் பார்த்துப் பொறுக்கிப் புட்டியில் போட்டார்.

டிரைவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஜீப் பட்டறையில் கிடக்கிறது என்று சொல்லி, கொஞ்ச காலமாக அவர் ஸ்கூட்டரில்தான் வருகிறார்.

"என்ன சார், முகம் வாடிக் கிடக்கு?"

"ஒண்ணுமில்லை. உக்காருங்க, டீ போடறேன்."

புட்டியையே பார்த்தபடி டீ போட்டுக் கொடுத்தார். டிரைவர் ஒரு வாய் குடித்தார். முகம் லேசாகக் கோணியது. விழுங்கிவிட்டு இன்னொரு வாயும் குடித்தார்.

ஈக்காரர் தன் டம்ளரை வாயில் வைத்ததும் கொல்லைப்புறம் ஓடிப்போய்த் துப்பினார்.

"டப்பா மாறிப்போச்சு. கருவாட்டுத் தூளைப் போட்டுட்டேன். கொடுங்க, கீழே கொட்டிடறேன்."

"பரவாயில்லை, விடுங்க. சூடா இருக்குல்ல."

டிரைவர் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"சார், இது வீட்டு ஈ."

ஈக்காரருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. தலை நிமிராமலே பேசினார்.

"குருத்து ஈ ஒண்ணுகூட விழலைங்க. தெரிஞ்சா இடத்தை மூடிருவாங்க. மூடிட்டா நீங்க வரமாட்டீங்க. எனக்குப் பேச வேற யாரு இருக்கா?"

டிரைவர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

"லேபை மூடி, நான் ரிட்டயர் ஆகி, ரெண்டு அறுப்பு முடிஞ்சிடுச்சு சார், உங்களை மட்டும்தான் மறந்துட்டாங்க. புட்டியை வாராவாரம் அந்த ரோட்டுத் திருப்பத்துல கொட்டிட்டுத்தான் போறேன், டீயை மட்டும் அடுத்த வாரம் பார்த்துப் போடுங்க."