இரக்கமுள்ளவர்கள் மட்டும்

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேஸ்திரி சாவியைத் திருப்பினார். ஜீப் "க்ர்ர்ர்" என்று முனகி "டக்" என்றது. மறுபடி திருப்பினார். முனகல்கூட இல்லை. வெறும் "டக்."

குவாரி ஆட்களை இருபத்திரண்டு வருஷமாக மலைமேல் ஏற்றிக்கொண்டு போகிற வண்டி அது. ஆட்கள் வைத்த பெயர் 'பெருசு'. கதவைக் கயிறு போட்டுத்தான் கட்ட வேண்டும், காலடி ஓட்டையில் ரோடு தெரியும், அதெல்லாம் வேறு. சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடும். யாரும் இறங்கி அதன்மேல் கை வைக்க வேண்டிய நாளே வந்ததில்லை.

"போயிடுச்சா?" என்றாள் வாசலில் நின்ற மனைவி.

"காலங்காத்தால வாயை வைக்காதே!"

திங்கட்கிழமை எட்டுப் பேரை மேலே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் குவாரி மேனேஜர் வேறு வண்டி பேசிவிடுவார். அந்த வண்டிக்காரன் வேறு ஆட்களைக் கூட்டி வருவான். ஒரு "டக்"கில் ஒன்பது வீட்டு அடுப்பு மாட்டிக்கொண்டிருந்தது.

மெக்கானிக்குக்கு போன் போட்டார். மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் அவருக்குத் 'தந்தி' என்று பெயர். வாயில் ரெண்டு போல்ட்டைக் கவ்விக்கொண்டே வேலை செய்கிற ஆள். பேசினால் போல்ட் விழும் என்பதால் வார்த்தையைச் சிக்கனமாகத்தான் விடுவார்.

"தந்தி, பெருசு எழுந்திருக்க மாட்டேங்குது!"

"சத்தம்?"

மேஸ்திரி போனை நீட்டிப் பிடித்துச் சாவியைத் திருப்பினார். "டக்."

"இரக்கம் பாத்துத் தள்ளி விடுங்க. சரியாயிடும்." போன் கட்.

மேஸ்திரி அப்படியே பம்பரில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க சொன்னாரு?"

"இரக்கம் பாத்துத் தள்ளி விடச் சொல்றாரு. கண்டவன் கையில குடுத்துடக் கூடாதாம். இரக்கமுள்ள ஆளாப் பாத்து வித்துடணுமாம். போல்ட்டு கடிக்கிற வாயில எவ்வளவு பெரிய மனசு பாரு! சரியாயிடும்னு ஆறுதல் வேற."

செய்தி கேட்டு முதலில் ஓடி வந்தவன் மச்சினன். புது வண்டி விற்கும் ஷோரூமில் வேலை.

"நான் எத்தனை தடவை சொன்னேன் மாமா? இது பேரீச்சம்பழத்துக்குத்தான் ஆகும்னு!"

மத்தியானமே பளபளவென்று ஒரு புது வண்டியைக் கொண்டுவந்து மாமனை உட்கார வைத்து, குவாரிப் பாதையில் ஓட்டிக் காட்டினான். முதல் பாறை வந்ததும் வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண்குரல், "இங்கே பாதை இல்லை. திரும்பிச் செல்லவும்" என்றது.

"ஏம்மா, அப்ப இருபத்திரண்டு வருஷமா நான் எதுலம்மா போயிட்டிருந்தேன்?" என்று மேஸ்திரி பணிவாகவே கேட்டார்.

பதிலுக்கு அது என்ஜினை நிறுத்திக்கொண்டது.

சாயங்காலம் பெருசைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். பழைய இரும்புக்காரர் டயரைக் காலால் உதைத்துப் பார்த்தார்.

"உதைக்கிறவருக்கு ஏதுங்க இரக்கம்? போயிட்டு வாங்க."

ஓட்டல்காரர் ஒருவர், வாசலில் நிறுத்தி பானெட்டுக்குள் பூச்செடி வைக்கப்போவதாகச் சொன்னார்.

"உயிர் இருக்கும்போதேவா?" என்றார் மேஸ்திரி.

"இப்படியே ஒவ்வொருத்தரா விரட்டினா எவன் மாமா வாங்குவான்? ஒரு போர்டு மாட்டிடலாம்" என்றான் மச்சினன். மேஸ்திரியே அட்டை எடுத்துக் கொட்டை எழுத்தில் எழுதிக் கண்ணாடியில் மாட்டினார்: 'இரக்கமுள்ளவர்கள் மட்டும் வரவும்.'

அரை மணியில் பக்கத்து வீட்டம்மா மூடிய பாத்திரத்தோடு வந்தாள். "இப்படி ஒரு கஷ்டம்னா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா அக்கா?" என்று மேஸ்திரி மனைவியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்னாலேயே தெருமுனைத் தையல்காரர் நாலு பழைய சட்டைகளோடு வந்து, மேஸ்திரியின் தோளைக் கண்ணாலேயே அளந்தார்.

"மானம் போச்சு! நாம கையேந்தறோம்னு ஊரே நினைச்சிடுச்சு. மாத்தி எழுதுங்க!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மாற்றி எழுதினார்: 'எங்களுக்கு எதுவும் வேண்டாம். உழைத்துக் களைத்த இந்த ஜீவனுக்கு ஆதரவு தேவை. இரக்கமுள்ளவர்கள் மட்டும்.'

ஞாயிறு காலை பார்த்தால் ஜீப்பின் பின்சீட்டில் நாலு நாய்க்குட்டிகள். அனாதை ஜீவன்களுக்கான இடம் என்று யாரோ கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்று சீட்டைக் கடித்துக்கொண்டிருந்தது. ஒன்று நனைத்திருந்தது.

மேஸ்திரி மலையடிவாரத்து மாட்டு டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினார். டாக்டரம்மா பையைத் தூக்கிக்கொண்டு மேடேறி மூச்சிரைக்க வந்தார். குட்டிகளைப் பார்த்துவிட்டு, போகிற போக்கில் பானெட்டை மாட்டைத் தட்டுகிற மாதிரி தட்டினார்.

"பாவம். எவ்வளவு உழைச்சிருக்கும்!"

மேஸ்திரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இதல்லவா இரக்கம்!

"டாக்டரம்மா, இதை நீங்களே வச்சுக்குங்க."

"மேலே இருக்கற மாடுகளைப் பாக்க எனக்கும் ஒரு வண்டி வேணும்தான். ரிப்பேர் பண்ணிக்கிறேன். ஆனா உங்களுக்கு மனசு வருதா?"

வரவில்லை. மறுபடி போன் போட்டார்.

"தந்தி, நீங்க சொன்ன மாதிரியே ஆள் அமைஞ்சுது. ஆனா தனியா நின்னு செய்ய மனசு வரலை."

"தனியாவா? நாலு பேரைக் கூப்பிடுங்க." போன் கட்.

நாலு பேர் முன்னிலையில் மரியாதையாக வழியனுப்பச் சொல்கிறார் என்று மேஸ்திரி புரிந்துகொண்டார். கூப்பிட்டது நாலு பேரை. வந்தது எட்டுப் பேரும். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் சவரம் செய்து, துவைத்த சட்டையில் வந்திருந்தார்கள்.

பாறையில் துளை போடுகிறவர் ஜீப்பின் பக்கத்தில் போய்த் தன் இடது முழங்காலைத் தட்டிக் காட்டினார். "கல்லு சரிஞ்ச அன்னிக்கு இது மட்டும் நின்னிருந்தா, இந்தக் கால் இன்னிக்கு இல்லை."

"என் பொண்ணு பொறந்ததே இந்தப் பின்சீட்டுலதான். சேத்துல பாதி டயரு முங்கியும் நிக்கலை" என்றாள் மனைவி. பிறகு ஜீப்பிடமே குனிந்து மெல்லச் சொன்னாள்: "நேத்து போயிடுச்சான்னு கேட்டது வாய் தவறி வந்துடுச்சு. மனசுல வச்சுக்காதே."

மச்சினன்கூட மூக்கை உறிஞ்சினான்.

டாக்டரம்மா வீடுவரை எப்படிக் கொண்டுபோவது என்று பேச்சு வந்தது. லாரி வைத்து இழுக்கலாம் என்றான் மச்சினன்.

"எதுக்கு லாரி? இத்தனை வருஷம் நம்மளை அது சுமந்துச்சு. ஒருநாள் நாம கை குடுத்தா தேஞ்சா போயிடுவோம்?" என்றார் துளைக்காரர்.

எட்டுப் பேர் பின்னால் கை வைத்தார்கள். மேஸ்திரி கடைசி முறையாக ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். கை பழக்கத்தில் சாவியைத் திருப்பியது. கால் பழக்கத்தில் கிளட்ச்சை மிதித்தது. ரெண்டாவது கியரும் தானாகவே விழுந்தது. கண்ணில் தண்ணீர் மறைத்ததால் அவர் எதையும் பார்க்கவில்லை.

"ஏலே... ஐலசா!"

பெருசு வாசலைத் தாண்டியது. வீட்டுக்கு எதிரே ரோடு ஒரேயடியாகச் சரிந்து கீழே போகிறது. சரிவில் இறங்கியதும் வேகம் பிடித்தது.

"மாமா, பிரேக்கு! பிரேக்கு!"

மேஸ்திரி பதறிப்போய் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. பின்னால் கருப்பாக ஒரு புகைமூட்டம். அப்புறம் மலையே எதிரொலிக்க, "தட தட தட தட" என்று பெருசு பேச ஆரம்பித்தது. பின்சீட்டில் நாலு குட்டிகளும் சேர்ந்து குரைத்தன.

எட்டுப் பேரும் கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்கள். மேஸ்திரி அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஓட்டிப்போய், அடிவாரத்தில் தந்தி பட்டறை வாசலில்தான் நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை. இறங்கி பானெட்டின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டார்.

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஓடிவந்து சேர்ந்தார். "இதைப் போய் யாராவது விப்பாங்களா? எனக்கு வேண்டாம் மேஸ்திரி. மாடு பாக்கப் போற அன்னிக்கு என்னையும் மேலே ஏத்திட்டுப் போங்க, போதும்."

தந்தி ஒரு லாரிக்கு அடியிலிருந்து நகர்ந்து வந்தார். கண்ணாடியில் தொங்கிய போர்டை ஒருமுறை படித்தார். மறுமுறையும் படித்தார்.

"பேட்டரி மாத்தணும். இது என்ன போர்டு?"

"நீங்கதானே தந்தி, இரக்கம் பாத்துத் தள்ளி விடச் சொன்னீங்க? நானும் ரெண்டு நாளா ஊரெல்லாம் தேடி..."

வாழ்க்கையில் முதல்முறையாகத் தந்தி வாயிலிருந்த ரெண்டு போல்ட்டையும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் சொன்னது சின்ன 'ர' இல்ல மேஸ்திரி, பெரிய 'ற'. உங்க வீட்டு வாசல்லயே இருக்கே, அந்த இறக்கம்!"