பிரியாணிக் கடையில் கோவிந்தா

இன்றைக்கு மட்டன் பிரியாணி சாப்பிடாமல் வீடு திரும்புவதில்லை என்று ஆனந்தராஜ் பல் விளக்கும்போதே சபதம் போட்டார். வாய் நிறைய நுரை இருந்ததால் சபதம் வெளியே கேட்கவில்லை. நல்லவேளை!

புரட்டாசி பிறந்ததிலிருந்து அந்த வீட்டுப் பக்கம் ஒரு முட்டைகூட எட்டிப் பார்க்கவில்லை. மாசம் முழுக்கக் கவுச்சி கூடாது என்பது அவர் பெண்டாட்டி பிரபாவதி போட்ட சட்டம். காலையில் கத்தரிக்காய். மத்தியானம் கத்தரிக்காய். ராத்திரிக்குக் காலையில் வைத்த கத்தரிக்காய். இந்த நேரம் பார்த்துத்தான் கோட்டக்குப்பத்து பாய் ஒருத்தர் விழுப்புரம் கடைவீதி நட்டநடுவில் புதுசாகப் பிரியாணிக் கடை திறந்தார். உரக்கடையில் அவரோடு வேலை செய்யும் ரஞ்சித் தினமும் அங்கே தின்றுவிட்டு வந்து, விரலை மோந்து பார்க்கச் சொல்வான். மனுஷன் எத்தனை நாள்தான் தாங்குவார்?

சாயங்காலம் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பரம சாதுவாகப் பெண்டாட்டி முன்னால் போய் நின்றார்.

"பிரபா, இன்னைக்கு சனிக்கிழமை இல்ல? பெருமாள் கோயில்ல பஜனையாம். போய்ட்டு வந்துர்றேன்."

பிரபாவதி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு, நீங்களா? பஜனைக்கா?"

"வயசாவுதில்ல? கொஞ்சம் புண்ணியம் சேத்துக்கினா நல்லதுதானே?"

"அய்யய்யோ, என் கண்ணே பட்டுடும் போலக்கீதே! வெறும் நெத்தியோட போவாதீங்க. இப்டி வந்து உக்காருங்க."

கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவது பிரபாவதியின் தொழில். பெட்டியைத் திறந்தாள். பிரஷ்ஷை எடுத்தாள். புருவ மத்தியிலிருந்து முடி ஆரம்பிக்கும் இடம்வரை வெள்ளையில் ரெண்டு கோடு, நடுவில் சிவப்பில் ஒன்று. நெற்றி முழுக்கத் திருப்பதிதான்! போதாததற்குத் துளசி சுற்றிய பித்தளைச் சொம்பு ஒன்றையும் கையில் திணித்தாள்.

"தீர்த்தம் வாங்கினு வாங்க. சொம்பு எங்கம்மா சீரா குடுத்தது. எங்கனா வச்சிட்டு வந்தீங்க, அப்புறம் பேஜாருதான்."

தெருமுனைக் குழாயில் நாமத்தைக் கழுவிவிடலாம் என்பது ஆனந்தராஜின் கணக்கு. கழுவினார். தேய்த்தார். துண்டை நனைத்து அழுத்தித் துடைத்தார். தோல் சிவந்ததே தவிர, நாமம் அசைந்து கொடுக்கவில்லை. பொண்ணு எவ்வளவு அழுதாலும் கலையாது என்று சொல்லித்தான் பிரபாவதி ஊரெல்லாம் ஆர்டர் பிடிக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. போகட்டும், நெற்றியா சாப்பிடப் போகிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு கடைவீதிக்கு நடையைக் கட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம், கேட்கவா வேண்டும்! ஜவுளிக்கடை விளக்குகள் கண்ணைப் பறித்தன. பொருட்காட்சி ராட்டினத்தில் பிள்ளைகள் வீல் வீலென்று கத்தின. ஒரு பக்கம் கொத்து பரோட்டா சத்தம், ஒரு பக்கம் கம்பியில் சுற்றிச் சுற்றி வேகிற கோழி. ஆனந்தராஜுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. பிரியாணிக்கு முன்னால் ஒரு துண்டு மீன் என்ன செய்துவிடும் என்று வெள்ளையம்மாளின் மீன் வறுவல் வண்டியை நெருங்கினார்.

"அக்கா, ஒரு வஞ்சிரம்..."

"கோவிந்தா! கோவிந்தா! சாமி, தள்ளி நில்லுங்க, எண்ண தெறிக்கும்!"

கையைக் கழுவிக்கொண்டு, வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த அரிசிப் பையைப் பிரித்து, ஒரு பிடி அள்ளிச் சொம்பில் போட்டுக் கும்பிட்டாள் அவள். புரட்டாசிச் சனிக்கிழமையில் நாமமும் சொம்புமாக வாசலில் வந்து நிற்பவருக்கு அரிசி போடுவது ஊர் வழக்கம். அவள் மேல் குற்றம் சொல்ல முடியுமா? பரோட்டாக் கடையில் மாஸ்டர் தட்டுவதையே நிறுத்திவிட்டு, "சாமிக்கு வழி உடுங்கப்பா!" என்று குரல் கொடுத்தார். கடைக்காரம்மா ஒரு பிடி போட்டாள்.

கடைசியில் பிரியாணிக் கடை வந்தது. ஆகா, அந்த வாசனை! ஆனந்தராஜ் கல்லாவில் இருந்த பாயிடம் குனிந்து கிசுகிசுத்தார்.

"பாய், ஒரு மட்டன் பிரியாணி. ஜல்தி."

பாய் பதறிப்போய் அண்டாவை மூடினார்.

"என்னா சாமி இது! நெத்தியில நாமத்த வச்சிக்கினு கறி கேக்கறீங்க?"

"நான் சாமி இல்ல பாய்! உரக்கடை ஆனந்தராஜ்!"

"யாரா இருந்தா என்னா? நோன்புன்னா நோன்புதான். பொறட்டாசியில யாவாரம் டல்லுதான், ஒத்துக்கறேன். அதுக்காக உங்க வெரதத்த கெடுத்தா நான் பொழைக்கணும்?"

"பசிக்குது பாய்..."

ஆனந்தராஜுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. பாய்க்கு மனசு இளகிவிட்டது. உள்ளே போனார். ஆனந்தராஜ் உதட்டை நக்கிக்கொண்டு காத்திருந்தார். பாய் இரண்டு கையும் நிறைய எதையோ ஏந்திக்கொண்டு வந்து, பயபக்தியோடு சொம்பில் கொட்டினார்.

"சீரக சம்பா சாமி. பிரியாணிக்குன்னே வரவழச்சது. வூட்ல பொங்கி சாப்புடுங்க."

சொம்பு நிரம்பிவிட்டது. பார்சலுக்கு நின்ற கூட்டம் "கோவிந்தா!" என்றது. ஒரு கிழவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். ஆனந்தராஜ் வேறு வழியில்லாமல் ஆசீர்வாதம் செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்.

"பஜனை எப்டிங்க?" என்று கேட்டுக்கொண்டே பிரபாவதி தட்டில் கத்தரிக்காயைப் பரிமாறினாள்.

"பிரமாதம். தொண்டையே கட்டிக்கிச்சு. தீர்த்தம் தீந்து போச்சாம், அரிசி குடுத்தாங்க."

அவள் மேலாக இருந்த அரிசியை உள்ளங்கையில் எடுத்து மோந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"அடடா, சீரக சம்பா! அடுத்த சனிக்கிழம திண்டிவனம் போய்ட்டு வாங்க. அங்க பிரியாணிக் கடையில பாஸ்மதியாம்!"